பயன்பாட்டில் இருக்கிறது

லினக்ஸ் இயங்குதளத்தில் எல்எஸ்மாட் என்றொரு கட்டளை உண்டு. தட்டினால், அந்த நொடியில் கெர்னலுக்குள் யார் யார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியலை விரித்துப் போடும். மூன்றே பத்திகள். முதலில் பெயர், அடுத்து, நினைவகத்தில் பிடித்திருக்கும் இடம், மூன்றாவதாக, அவரை இப்போது எத்தனை பேர் நம்பியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையும், நம்பியிருப்பவர் இன்னொரு மாட்யூலாக இருந்தால் அதன் பெயரும். சொல்லப்போனால் இந்தக் கட்டளை தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. புராக் என்ற மாய அடைவில் கெர்னல் தன் கையால் எழுதிவைக்கும் ஒரு வரவேட்டை எடுத்து, பத்தி பிரித்துப் படித்துக் காட்டுகிறது, அவ்வளவே. இருபதாண்டுகளுக்கு மேலாக நாங்கள் இருவரும் இந்தப் பட்டியலைப் பார்த்து வருகிறோம். தெருவில் யார் வீடு பூட்டியிருக்கிறது, யார் வீட்டில் விளக்கெரிகிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பவர்களின் பழக்கம் போன்றது இது, பெரும்பாலும் பயனற்றது.

கலைச்சொற்கள் குறித்து முதலிலேயே ஒரு வார்த்தை. கெர்னலைத் தமிழில் கரு என்றும் உட்கரு என்றும் கருனி என்றும் எழுதிப் பார்த்தவர்கள் உண்டு. மூன்றுமே நல்ல சொற்கள்தாம். சிக்கல் மாட்யூலில்தான். தொகுதி என்று எழுதினால் எங்களுக்குக் கவிதைத் தொகுதியும் மற்றவர்களுக்குச் சட்டமன்றத் தொகுதியும் நினைவுக்கு வருகின்றன. கூறு என்று எழுதலாமென்றால் வேற்றுமை உருபு சேரும்போது கூற்றுவன் வந்து நிற்கிறான். ஆகவே கெர்னல், மாட்யூல் என்றே எழுதிவிடுகிறோம். தூய தமிழன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

கணினியின் வன்பொருளோடு நேரடியாகப் பேசும் உரிமை கெர்னலுக்கு மட்டுமே உண்டு. நாம் பயன்படுத்தும் மற்ற நிரல்கள் எல்லாம் அதனிடம் விண்ணப்பித்துத்தான் ஒரு கோப்பைத் திறக்கவோ ஒரு எழுத்தைத் திரைக்கு அனுப்பவோ முடியும். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கெர்னல், எல்லா வேலைகளையும் ஒரே உடலுக்குள் வைத்துக்கொண்ட ஒற்றைப் பாறை வகையைச் சேர்ந்தது. மினிக்ஸை எழுதிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானென்பாம் 1992 ஜனவரியில் இதைக் கடுமையாக மறுத்தார். கெர்னல் மிகச் சிறியதாக இருக்க வேண்டும், கோப்பு முறைமையும் சாதன இயக்கிகளும் வெளியே தனித்தனி நிரல்களாக இயங்க வேண்டும், ஒன்று விழுந்தால் மற்றது விழக்கூடாது என்பது அவர் கட்சி. லினஸ் பணியவில்லை. அந்த விவாதத்தைப் பின்னாளில் படித்த எங்களுக்கு, நம்மூர்ச் சிறுபத்திரிகைச் சண்டைகளைக் காட்டிலும் அது நாகரிகமாக நடந்திருப்பதாகவே தோன்றியது.

ஆனால் ஒற்றைப் பாறைக்கு ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. உலகத்தில் உள்ள எல்லா அச்சுப்பொறிக்கும் எல்லா ஒலியட்டைக்கும் எல்லா வலையட்டைக்கும் உரிய நிரல்களை உள்ளே கட்டிவைத்தால், நினைவகமெல்லாம் அதற்கே போய்விடும். வேண்டியதை மட்டும் வைத்துக் கட்டினால், ஒரு புதிய அட்டை வாங்கிச் செருகும்போதெல்லாம் கெர்னலையே மறுபடி தொகுத்து, கணினியை நிறுத்தித் தொடங்க வேண்டும். 1990களின் நடுவில் இதற்குக் கிடைத்த சமரசம்தான் ஏற்றி இறக்கக்கூடிய மாட்யூல். கெர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேண்டியதை உள்ளே அழைத்துக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் அனுப்பிவிடலாம். டானென்பாம் கேட்டதற்கு இது பதிலன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே வந்த மாட்யூல் திண்ணையில் உட்கார வைக்கப்படும் விருந்தாளியல்ல. நுழைந்த கணத்திலிருந்து அது வீட்டுக்காரன். சமையலறை முதல் இரும்புப் பெட்டி வரை எல்லா அறைகளும் அதற்குத் திறந்தே கிடக்கும். அது தடுக்கி விழுந்தால் பெரும்பாலும் வீடே விழும்.

ஏற்றுவது என்றால் என்ன நடக்கிறது? மாட்யூல் என்பது முற்றுப்பெறாத ஒரு நிரல். தான் அழைக்க விரும்பும் செயல்களின் பெயர்கள் அதில் இருக்கும். அவை இருக்கும் முகவரிகள் இருக்கா. கெர்னல் தன் அட்டவணையைப் பார்த்து அந்த வெற்றிடங்களை ஒவ்வொன்றாக நிரப்பும். ஒரு பெயர் கிடைக்காவிட்டாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். எல்லாம் பொருந்தினால், மாட்யூலுக்குள் இருக்கும் தொடக்கச் செயலை ஒருமுறை அழைக்கும். அவ்வளவுதான், குடியேற்றம் முடிந்தது. இறக்கும்போது அதே போல ஓர் இறுதிச் செயல் அழைக்கப்படும். இத்துறையின் பாலபாடம் எந்தப் புத்தகத்தில் தொடங்கினாலும் ஒன்றுதான்: ஏறும்போது வணக்கம் சொல்லி, இறங்கும்போது விடைபெறும் ஒரு மாட்யூல். இடையில் அது எதுவுமே செய்யாது. நாங்கள் முதன்முதலில் அதை எழுதி ஏற்றியபோது, கெர்னலின் குறிப்பேட்டில் அந்த ஒற்றை வரி வந்து விழுந்ததைப் பார்த்து அடைந்த மகிழ்ச்சி, முதல் கவிதை அச்சில் வந்ததற்குச் சற்றே குறைவு.

இன்ஸ்மாட் என்ற பழைய கட்டளை நாம் சுட்டும் கோப்பை அப்படியே உள்ளே தள்ள முயலும். அந்த மாட்யூலுக்கு முன்தேவையாக இன்னொன்று இருந்தால் அதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. மாட்புரோப் அப்படியல்ல. யார் யாரை நம்பியிருக்கிறார் என்ற உறவுமுறை வரைபடத்தை டெப்மாட் என்ற இன்னொரு கட்டளை முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கும். அதைப் பார்த்து, முன்தேவைகளை வரிசையாக ஏற்றிவிட்டு, கடைசியில் நாம் கேட்டதை ஏற்றும். கல்யாண வீட்டில் யாரை முதலில் அழைக்க வேண்டும் என்று தெரிந்த மூத்தவர் ஒருவர் இருப்பாரே, அவர் வேலை. ஒரு பென்டிரைவைச் செருகினால் அதன் கோப்பு முறைமைக்கான மாட்யூல் வரும். அதற்கு முன் அதன் தாய் மாட்யூல் வரும். கூடவே எழுத்துக் குறியேற்ற அட்டவணைகளுக்கென்று தனி மாட்யூல்களும் வரலாம். கோப்பின் பெயர் எந்த மொழியில், எந்தக் குறியேற்றத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பெயர்த்துச் சொல்வதற்காகவே கெர்னலுக்குள் இப்படிச் சில மொழிபெயர்ப்பாளர்கள் குடியிருக்கிறார்கள் என்பதை இலக்கிய வாசகர்கள் அறிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பல வேளைகளில் நாம் அழைக்கவே வேண்டியதில்லை. ஒவ்வொரு சாதனமும் தன்னைச் செய்தவர் எண், வகை எண் ஆகியவற்றைச் சொல்லிக்கொண்டு வரும். ஒவ்வொரு மாட்யூலும் தான் எந்தெந்த எண்களுக்குப் பொறுப்பு என்று எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கும். இரண்டும் பொருந்தினால் தானே ஏறிவிடும். வேண்டாத விருந்தாளிகளைத் தடுக்க ஒரு கறுப்புப் பட்டியலும் உண்டு. அதில் எங்கள் வீட்டுக் கணினிகளில் முதலில் இடம்பெற்றது, கணினிப் பெட்டிக்குள் இருக்கும் சிறு ஒலிபெருக்கிக்கான மாட்யூல். இரவு இரண்டு மணிக்கு ஒரு கட்டுரையைத் திருத்திக்கொண்டிருக்கையில், வரியின் தொடக்கத்துக்கு அப்பால் அழிவிசையை அழுத்திவிட்டால் அது போடும் 'பீப்' சத்தத்தில் பக்கத்து அறைக் குழந்தை எழுந்துவிடும். ஆனால் இந்தக் கறுப்புப் பட்டியல் பெயருக்கேற்ற கடுமை உடையதன்று. தானாக வராதே என்பதுதான் அதன் பொருள். பெயர் சொல்லி அழைத்தால் வந்துவிடும். இன்னொரு மாட்யூலுக்கு முன்தேவையாக இருந்தாலும் வந்துவிடும். நம் இலக்கிய விலக்கங்களும் ஏறக்குறைய இந்த அளவிலேதான் நடைமுறையில் இருக்கின்றன.

கறை என்ற விஷயம் இன்னும் சுவையானது. மூலநிரல் வெளியிடப்படாத ஒரு மாட்யூலை ஏற்றினால், கெர்னல் மறுக்காது. ஆனால் தான் கறைபட்டுவிட்டதாகத் தனக்குத்தானே ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளும். பின்னர் ஏதேனும் கோளாறு நேர்ந்து அறிக்கை அனுப்பினால், அந்தக் குறிப்பைக் கண்டதும் கெர்னல் உருவாக்குநர்கள் பெரும்பாலும் கைகழுவிவிடுவார்கள். தாங்கள் படிக்க முடியாத நிரல் ஒன்று உள்ளே புகுந்து என்ன செய்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? வலுக்கட்டாயமாக ஏற்றியதற்கு ஒரு கறை, வலுக்கட்டாயமாக இறக்கியதற்கு ஒரு கறை, கையொப்பமில்லாததற்கு ஒரு கறை என்று இதில் பல வகை. மாட்யூலை இறக்கிவிட்டாலும் கறை போகாது. கணினியை நிறுத்தி மறுபடி தொடங்கினால்தான் போகும்.

தான் எந்த உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது என்பதை மாட்யூலே அறிவிக்க வேண்டும். அந்த ஒற்றை வரியை நம்பித்தான் கெர்னல் கறையை முடிவு செய்கிறது. 2004இல் லினுக்ஸன்ட் என்ற கனடா நிறுவனத்தின் மோடம் இயக்கிகளில் இந்த வரி ஒரு விசித்திரமான முறையில் எழுதப்பட்டிருப்பது தெரியவந்தது. முதலில் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தின் பெயர். அடுத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு சுழிய எழுத்து. அதற்குப் பின், அந்த உரிமம் குறிப்பிட்ட ஓர் அடைவில் உள்ள கோப்புகளுக்கு மட்டுமே என்ற விளக்கம். சி மொழியில் சுழிய எழுத்து வந்தால் வாக்கியம் முடிந்தது என்று பொருள். ஆகவே மூலத்தைப் படிக்கும் மனிதனுக்கு முழு வாக்கியமும், கெர்னலுக்கு முதல் சொல் மட்டும் தெரிந்தன. பெரிய கூச்சல் எழுந்தது. எச்சரிக்கைச் செய்தி திரும்பத் திரும்ப வந்து பயனர்களைக் குழப்பியதால்தான் இப்படிச் செய்ததாக அவர்கள் தரப்பில் விளக்கம் சொல்லப்பட்டது. முற்றுப்புள்ளி வைக்கும் இடத்தால் பொருள் மாறும் என்று இலக்கணம் நடத்திய ஆசிரியர்கள் இந்த எடுத்துக்காட்டை அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

ஏற்றுவதைவிட இறக்குவது கடினம். ஆர்எம்மாட் என்ற கட்டளை இறக்குவதற்கு உரியது. ஆனால் மூன்றாம் பத்தியில் எண்ணிக்கை சுழியமாக இருந்தால்தான் அது செல்லுபடியாகும். ஒருவராவது நம்பியிருந்தால், பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிடும். அந்த எண்ணிக்கையைச் சரியாக வைத்திருப்பதே பெரும்பாடு. சுழியம் என்று பார்த்துவிட்டு இறக்கப்போகும் இடைவெளியில், இன்னொரு செயலியில் ஓடும் ஏதோ ஒன்று அதை அழைத்துவிட்டால்? இருந்த இடத்தில் இப்போது யாருமில்லை. அழைத்தவர் வெறும் குழிக்குள் காலை வைப்பார். 2002 வாக்கில் மாட்யூல் ஏற்றும் பகுதியைத் திருத்தி எழுதிய ஆஸ்திரேலியர் ரஸ்டி ரஸ்ஸல், இறக்கும் வசதியையே எடுத்துவிட்டால் என்ன என்ற யோசனையை முன்வைத்தவர். வசதி தப்பிப் பிழைத்தது. ஆனால் கெர்னலைத் தொகுக்கும்போது இன்றும் அது வேண்டுமா வேண்டாமா என்று தனியாகக் கேட்கப்படும் ஒரு விருப்பமாகவே இருக்கிறது.

நிற்க. இவ்வளவையும் எழுதத் தூண்டியது ஒரு கோப்பு முறைமையின் மாட்யூலும் ஒரு நண்பரின் வன்தட்டும்.

நாங்கள் மூவராக இருந்த காலத்தில் லினக்ஸைக் கற்றுக்கொண்டோம். எங்களில் மூத்தவர் அவர். வட ஆர்க்காட்டுப் பகுதியின் தெருக்கூத்து வாத்தியார்களைத் தேடிப்போய், ஒலிநாடாவில் பதிவு செய்து, இரவுகளில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். இருபது நிமிடப் பேச்சை எழுத இரண்டு இரவு பிடிக்கும். அப்போதைய மின்வெட்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இ.எக்ஸ்.டி.2 என்ற அன்றைய வழக்கமான கோப்பு முறைமையில், மின்சாரம் பட்டென்று போய்த் திரும்பி வந்தால் கணினி முழுத் தட்டையும் மூலைமுடுக்கெல்லாம் சோதித்த பிறகே எழுந்திருக்கும்; அதற்குள் அடுத்த மின்வெட்டும் வந்துவிடுவதுண்டு. 2001 ஜனவரியில் வெளியான 2.4.1 கெர்னலில் ரெய்சர்எஃப்எஸ் சேர்ந்தது. தான் செய்யப்போவதை முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதிவிட்டுச் செய்யும் கோப்பு முறைமைகளில், லினக்ஸின் முதன்மைக் கெர்னலுக்குள் நுழைந்த முதலாவது அதுதான். மின்சாரம் போனாலும் நாட்குறிப்பைப் புரட்டிவிட்டுச் சில நொடிகளில் எழுந்துவிடும். தவிர, சிறு கோப்புகளை வீணின்றி அடுக்குவதில் அதற்குப் பெயர் உண்டு. மற்றவற்றில் நூறு எழுத்துள்ள கோப்பும் நான்கு கிலோபைட் பெட்டி ஒன்றை முழுதாக எடுத்துக்கொள்ளும். இது பல கோப்புகளின் வால்களை ஒரே பெட்டிக்குள் சேர்த்து வைக்கும். சூசே லினக்ஸ் 2006 வரை இதையே தன் இயல்பான தேர்வாக வைத்திருந்தது. நண்பர் தமது 40 ஜிபி வன்தட்டு முழுவதையும் இதற்கே கொடுத்தார். அன்றைய நிலையில் அதைவிட நல்ல முடிவு எதுவும் இருந்ததாக எங்களுக்குத் தெரியவில்லை.

அதை உருவாக்கியவர் கலிபோர்னியாவின் ஹான்ஸ் ரெய்சர். தம் பெயரையே அதற்கு வைத்தவர். 2006 செப்டம்பரில், அவரைப் பிரிந்து மணவிலக்கு வழக்கு நடத்திக்கொண்டிருந்த மனைவி நீனா காணாமற்போனார். 2008 ஏப்ரலில் ரெய்சர் கொலைக் குற்றவாளி என்று ஜூரி தீர்ப்பளித்தது. தண்டனைக் குறைப்புக்கான உடன்பாட்டின் பேரில் ஜூலையில் அவரே காவலர்களை அழைத்துப்போய் உடல் புதைக்கப்பட்ட இடத்தைக் காட்டினார். பதினைந்து ஆண்டு முதல் ஆயுள் வரையிலான சிறை. ஒரு கொலைகாரரின் பெயரைத் தட்டில் வைத்துக்கொண்டு எழுதுகிறோமே என்று நண்பர் அப்போது ஒருநாள் சொன்னார். மாற்றிவிடலாமே என்றோம். நாற்பது ஜிபியையும் வைக்க இன்னொரு தட்டு வேண்டுமே என்றார். பேச்சு அத்துடன் நின்றது.

ரெய்சர் சிறையிலிருந்து எழுதிய கடிதம் ஒன்று 2024 ஜனவரியில் வெளியாயிற்று. நீளமான கடிதம்; அதன் பல பகுதிகளில் எங்களுக்கு ஈடுபாடில்லை. ஓரிடம் மட்டும் மனத்தில் நின்றது. ரெய்சர்எஃப்எஸ் கெர்னலிலிருந்து நீக்கப்படுவதில் தமக்கு மறுப்பில்லை என்றும், நீக்குமுன் அதன் அறிமுகக் குறிப்பில் தாம் பெயர் சேர்க்காமல் விட்ட பழைய சகாக்களின் பெயர்களைச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டிருந்தார். அழியப்போகும் நிரலின் நன்றியுரைப் பக்கத்தைத் திருத்தச் சொல்லும் அந்த வேண்டுகோளை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் எங்கள் இருவருக்குள்ளும் ஒத்த கருத்து இல்லை. ஒருவருக்கு அது காலங்கடந்த நேர்மை; மற்றவருக்கு, பெயர் சேர்ப்பதும் நீக்குவதுமாக அதே பழைய தன்முனைப்பு.

நீக்கம் கொலையால் நடந்ததன்று. பராமரிக்க ஆளில்லை, பயனர்களும் அருகிவிட்டார்கள், கெர்னலின் உட்பகுதியை மாற்றி எழுதும் ஒவ்வொருவரும் யாரும் பயன்படுத்தாத இந்த நிரலையும் சேர்த்துத் திருத்த வேண்டியிருந்தது. 2022இல் வெளியான 5.18இல் அது கைவிடப்படுவதாக அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் வந்த 6.13இல் அது இல்லை. முறையாக மூன்றாண்டு அவகாசம் கொடுத்துத்தான் வழியனுப்பினார்கள். குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் 2011இல் இறந்துபோனவருக்கு யாரும் அறிவிப்பு அனுப்ப முடியாது.

நண்பரின் மகள் சென்ற ஆண்டு வீட்டைக் காலி செய்யும்போது, அலமாரியில் துணியில் சுற்றியிருந்த தட்டுகள் இரண்டைக் கண்டெடுத்து, ஒன்றை எங்களிடம் கொண்டுவந்தாள். "இதுல அப்பா எழுதினது ஏதாச்சும் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க மாமா" என்றாள். ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்துப் போய்விட்டதாக அவர் உயிரோடிருந்தபோதே சொல்லியிருந்தார். அவர் பேசிய வாத்தியார்களில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் எவரும் இன்று இல்லை. அச்சேறியது ஒரே ஒரு கட்டுரை. ஆகவே அந்தத் தட்டில் இல்லாவிட்டால் எங்குமே இல்லை என்பது மூவருக்கும் தெரிந்திருந்தது, யாரும் சொல்லவில்லை.

பழைய அகலப் பட்டை இணைப்பைப் பொருத்தும் ஒரு மாற்றி வாங்கி வந்து தட்டைச் சுழலவிட்டோம். சுழன்றது. சத்தம் சரியாகவே இருந்தது. முதல் வேலையாக, தட்டை ஏற்றாமலேயே முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை அப்படியே ஒரு பிம்பக் கோப்பாகப் படியெடுத்துக்கொண்டோம். அதற்குப் பின் மூலத் தட்டைத் தொடவே இல்லை. இந்த வரிசை முக்கியம். ரெய்சர்எஃப்எஸ், படிக்க மட்டும் என்று சொல்லி ஏற்றினாலும், மிச்சமிருக்கும் நாட்குறிப்பைத் தட்டில் எழுதித் தீர்த்துக்கொள்ளும் பழக்கமுள்ளது.

பிம்பத்தின் நகலை ஏற்றச் சொன்னதும், இப்படியொரு கோப்பு முறைமையை அறியேன் என்றது கணினி. நடந்ததை விளக்க வேண்டும். ஏற்றச் சொன்னால் கெர்னல் தன்னிடம் அந்த முறைமை இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் வெளியே திரும்பி, மாட்புரோப்பை அழைத்து, இந்தப் பெயரில் ஒருவர் இருந்தால் கூட்டிவா என்று கேட்கும். அது மாட்யூல்களின் அடைவெல்லாம் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது. எங்கள் கணினியில் இருந்தது 6.13க்குப் பிந்திய கெர்னல்.

பழைய கெர்னலிலிருந்து அந்த மாட்யூல் கோப்பை மட்டும் எடுத்துவந்து புதியதில் செருகிவிட முடியாதா என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஒவ்வொரு மாட்யூலிலும் அது எந்தக் கெர்னலுக்காகத் தொகுக்கப்பட்டது என்ற முத்திரை இருக்கும். பொருந்தாவிட்டால் வடிவம் தவறு என்று சொல்லித் திருப்பிவிடும். முத்திரையை வலுக்கட்டாயமாகப் புறக்கணிக்கலாம்; பிறகு நடப்பதற்கு யாரும் பொறுப்பில்லை. மூலநிரலை எடுத்துவந்து புதிய கெர்னலுக்கெனத் தொகுத்தாலோ, அது அழைக்கும் செயல்கள் பல இப்போது வேறு உருவில் இருக்கின்றன. வெளியே இருக்கும் நிரல்களுக்குக் கொடுத்த வாக்கை லினக்ஸ் உயிரைக் கொடுத்தேனும் காப்பாற்றும். உள்ளே இருப்பவர்களுக்கு அது எந்த வாக்கும் கொடுப்பதில்லை. உட்புற இடைமுகங்கள் நிலையாக இருக்காது என்பதை ஒரு கொள்கையாகவே கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதி, அது கெர்னலின் ஆவணங்களோடு சேர்ந்தே வருகிறது. மாட்யூல்கள் எல்லாம் கெர்னல் குடும்பத்தோடு கூட்டுக்குடித்தனம் இருந்தால், வீட்டை மாற்றிக் கட்டும்போது அவற்றுக்கும் சேர்த்தே மாற்றிக் கட்டுவார்கள். குடும்பத்தை விட்டு நீங்கியவை அடுத்த மாற்றத்தில் அநாதையாகிவிடும். இது கொடுமை என்று ஒரு காலத்தில் நினைத்தோம். இன்று அப்படித் தோன்றவில்லை. லினக்ஸ் முப்பதாண்டுகளுக்கு மேல் உயிரோடிருப்பதற்கு இந்த இரக்கமின்மையும் ஒரு காரணம்.

நீண்டகாலப் பராமரிப்புக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட 6.12தான் அந்த மாட்யூல் கடைசியாக இருந்த பதிப்பு. ஒரு பழைய மடிக்கணினியில் அதன் மூலநிரலை இறக்கி, தொகுப்பு விருப்பங்களில் ரெய்சர்எஃப்எஸ்ஸுக்கு எதிரே எம் என்ற எழுத்தைப் போட்டோம். ஒய் என்று போட்டால் கெர்னலோடு கலந்துவிடும். எம் என்றால் மாட்யூல். அந்தக் கணினி பாவம், தொகுத்து முடிக்க ஓர் இரவு எடுத்துக்கொண்டது. விடிந்ததும் புதிய கெர்னலில் தொடங்கி, மாட்புரோப் என்று தட்டி, பெயரைக் கொடுத்தோம். பதிலே வரவில்லை. இந்த உலகில் பதில் வராவிட்டால் வெற்றி என்று பொருள். எல்எஸ்மாட் பட்டியலின் தலைமாட்டில் அதன் பெயர் இருந்தது. மூன்றாம் பத்தியில் சுழியம். பிம்பத்தை ஏற்றினோம். இது நீக்கப்படவிருக்கிறது, வேறு முறைமைக்கு மாறிக்கொள்ளுங்கள் என்ற பொருளில் குறிப்பேட்டில் ஓர் எச்சரிக்கை விழுந்தது. மறுபடி எல்எஸ்மாட். சுழியம் ஒன்றாகியிருந்தது.

அடைவுகள் தெரிந்தன. ஊர்ப்பெயர்களில் ஒன்பது அடைவுகள், உள்ளே 212 கோப்புகள். திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளின் இரைச்சல். அஞ்சவில்லை; அது திஸ்கி என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒருங்குறிக்கு முன்பு இணையத் தமிழர்கள் கூடி வகுத்துக்கொண்ட குறியேற்றம் அது. அதில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடுக்கப்படும்: 'கொ' என்றால் முதலில் கொம்பு, அடுத்து ககரம், பிறகு கால். ஒருங்குறியில் ககரம் முதலில், உயிர்க்குறி அதன் பின். ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு மெய் வரும்வரை காத்திருக்க வேண்டும். குளிப்சி என்று நாங்கள் செல்லமாக அழைக்கும் லினக்ஸின் அடிப்படை நூலகத்தில் ஐகான்வ் என்ற குறிமாற்றி உண்டு. ஒவ்வொரு குறியேற்றத்துக்கும் ஒரு தனி மாட்யூல் அதில் இருக்கிறது. கெர்னலுக்குள் அல்ல, வெளியே, ஆனால் இதே ஏற்பாடுதான்: கேட்டால் ஏறும். திஸ்கிக்கும் ஒன்று இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் யாரோ நினைத்துச் சேர்த்து வைத்தார்கள். யாரும் இன்னும் நீக்கவில்லை. ஒரு வரிக் கட்டளையில் 212 கோப்புகளும் தமிழாயின.

மகள் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள். துரியோதனன் வேடத்துக்குப் புயக்கட்டை எந்த மரத்தில் செய்வது, விடியற்காலம் குரல் உடையும்போது பின்பாட்டுக்காரர் எப்படித் தாங்கிப் பிடிப்பார், எந்த ஊரில் கூலியாக நெல் அளந்தார்கள் என்றெல்லாம் வாத்தியார்கள் பேசிக்கொண்டே போகிறார்கள். இடையிடையே அடைப்புக்குறிக்குள் நண்பரின் குறிப்பு: இருமுகிறார், சிரிக்கிறார், நாடா முடிந்தது.

ஒரு கோப்பில் மட்டும் பேச்சின் நடுவே வாக்கியம் அறுந்து, அரிசி, துவரம் பருப்பு, மண்ணெண்ணெய், பாப்பாவுக்கு நோட்டு என்று ஒரு மாத மளிகைக் கணக்கு ஓடியது. சரியாக 4096 பைட்டுகள் கழித்து வாத்தியார் விட்ட இடத்துக்கு வெகு தூரத்தில் பேச்சு தொடர்ந்தது. மின்வெட்டின் வேலை. ரெய்சர்எஃப்எஸ்ஸின் நாட்குறிப்பு, கோப்பு எங்கே இருக்கிறது என்பதைத்தான் அன்று காப்பாற்றும். அதற்குள் என்ன இருக்கிறது என்பதை அன்று. பெட்டியை இந்தக் கோப்புக்கு ஒதுக்கி எழுதிவிட்டது. உள்ளடக்கம் போய்ச் சேருமுன் மின்சாரம் போயிற்று. பெட்டியில் முன்பிருந்த பழைய கோப்பின் மிச்சம் அப்படியே தங்கிவிட்டது. அந்த ஒரு பக்கப் பேச்சு போனது போனதுதான்.

மாலையில் பிம்பத்தை இறக்க முயன்றபோது பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தது. பக்கத்து அறைத் திரையில் அவள் இன்னும் மூலக் கோப்பு ஒன்றைத் திறந்து வைத்திருந்தாள். அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம்.

211 கோப்புகளையும் ஊர்வாரியாகப் பிரித்து மெய்ப்பு பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆண்டு முடிவதற்குள் ஒரு நூலாகக் கொண்டுவர எண்ணம். மளிகைக் கணக்கு உள்ள கோப்பை அவள் தனியாக எடுத்துக்கொண்டாள். இரண்டாவது தட்டை அடுத்த மாதம் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள். அது வரை அந்தப் பழைய மடிக்கணினியின் கெர்னலைப் புதுப்பிக்க வேண்டாம் என்று அதன் மூடியில் ஒரு சீட்டு ஒட்டி வைத்திருக்கிறோம்.